எடை ஏறிய நாள்

இருபத்தொன்று புள்ளி நான்கு கிராம். எழுதியாயிற்று. அடுத்தது. சாரதாமணி வாலின் அடியைப் பிடித்து எலியைத் தூக்கி, தராசின் மேலிருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கினாள். எண் ஆடியது. எலி மூச்சு வாங்குவதைக்கூட விடாமல் காட்டிக்கொடுக்கிற தராசு அது, கொஞ்சம் பொறுத்தால்தான் ஒரு முடிவுக்கு வரும். இருபது புள்ளி ஒன்பது. செவ்வாயும் வெள்ளியும் எடை போடும் நாள், பதினெட்டு வருஷமாக. அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடச் செவ்வாய்தான். மருதாணிக் கைக்கு மேல் கையுறையை மாட்டிக்கொண்டு நாற்பது எலிகளுக்கு எடை போட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனாள், வாசலில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், உன்ற எலிங்களையும் பந்திக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டாள். அக்கா அப்படித்தான், கோபத்தைக்கூடச் சிரிக்கிற மாதிரிதான் பேசுவாள். இருபத்திரண்டு புள்ளி பூஜ்யம். கோயம்புத்தூரில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடி, ஜன்னலே இல்லாத அறை, வடிகட்டின காற்று மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, காலுக்கு உறை. பூ வைத்துக்கொள்ளக் கூடாது, பவுடர் கூடாது, வாசனை சோப்புக்கூடக் கூடாது, எலிகள் மிரளும். பக்கத்து வீட்டுக்காரி இதை எலி மேய்க்கிற உத்தியோகம் என்பாள். மேய்ப்பதுதான், வேறென்ன. பிறக்கும்போதே எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்க வைத்த எலிகள், முடியும் கிடையாது, உடம்பெல்லாம் இளஞ்சிவப்புச் சுருக்கம். வந்தவரை வாசலில் நிறுத்தி யாரென்று கேட்கத் தெரியாத உடம்பு. அதனால்தான் எங்கேயோ ஒரு பெண்ணின் சினைப்பையிலிருந்து எடுத்த புற்றுச் செல்களை அதன் வயிற்றுக்குள் ஊசியால் விட்டால் சத்தமில்லாமல் இடம் கொடுத்துவிடுகிறது. அப்புறம் அவை எப்படி வளர்கின்றன, எங்கெல்லாம் பரவுகின்றன, எந்த மருந்துக்கு அடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். பார்ப்பது டாக்டர்கள். தூக்கி, இறக்கி, தொட்டு, எழுதுவது சாரதாமணி.

தொடுவதுதான் முக்கியம். வருஷா வருஷம் ஜூனில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் அதுதான், தராசை நம்பாதீங்க, விரலை நம்புங்க. மற்ற நோய்களில் எலி இளைத்தால் எடை குறையும், காகிதத்தில் தெரிந்துவிடும். இந்த நோய் வேறு மாதிரி ஏமாற்றும். வயிற்றுக்குள் நீர் கட்டும். எலி உள்ளுக்குள் உருகிக்கொண்டே போகும், தராசு மட்டும் ஏறிக்கொண்டே போகும், தெரியாதவர்கள் பார்த்தால் நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது என்பார்கள். அதனால் எடை போட்டு முடித்ததும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முதுகின் இரண்டு பக்கமும் வைத்து இடுப்பு வரைக்கும் இறக்க வேண்டும். சதை இருந்தால் எலும்பு மெத்தைக்கடியில் கிடக்கும் பாசிமணி மாதிரி, இருக்கிறதோ இல்லையோ என்று தோன்றும். சதை கரைந்திருந்தால் மணி ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். நன்றாக இருந்தால் மூன்று என்று எழுத வேண்டும், இளைத்திருந்தால் இரண்டு, எலும்பாகிவிட்டால் ஒன்று. வயிறும் உப்பி, முதுகும் இரண்டாகிவிட்டால் அன்றைக்கே அதை ஒரேயடியாகத் தூங்க வைத்துவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. இதெல்லாம் தெரிந்தவள். பதினெட்டு வருஷத்தில் எத்தனை முதுகு, ஐயாயிரமா, பத்தாயிரமா. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் சொல்லிவிடும். அப்படிப்பட்ட விரல்தான் போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் ஆறு ரவிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தது.

இருபத்தொன்று புள்ளி ஏழு, முதுகு மூன்று. அக்கா கோகிலம் சூலூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியை. தையல் கடைக்காரன் இழுத்தடிக்கிறான் என்று ஆறு ரவிக்கைகளையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் ஒரே கோளாறு கண்ணு, கை தொளதொளங்குது, கீழ்க் கொக்கி மாட்ட முடியலை, என்றாள். சாரதாமணி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். வயசு நாப்பத்தெட்டாச்சுல்ல, கை வத்தும், வயிறு தள்ளும், எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான். அப்படித்தான் சொன்னாள். இந்த வாயால்தான் சொன்னாள். பன்னிரண்டு கைகளையும் அரை அங்குலம் உள்ளே பிடித்தாள், ஆறு ரவிக்கைகளுக்கும் கீழே பக்கத் தையலைப் பிரித்து விட்டாள். ஒரே துணியில் ஒரு பக்கம் குறைத்து ஒரு பக்கம் கூட்டினாள். வெள்ளிக்கிழமை முழுக்க எலிகளிடம் அதையேதான் தேடிக்கொண்டிருந்தாள், எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று, அதற்கு ஒரு படிவமே உண்டு, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள்கூட ஆகவில்லை. ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு அக்கா கண்ணாடி முன்னால் திரும்பி நின்றாள். இப்பத்தான் மூச்சே விட முடியுது, என்றாள். இந்தக் காஸ் தொந்தரவு வேற, சாப்பிட்டதும் திம்முன்னு ஆயிருது. ஓமத்தண்ணி குடிச்சுப் பாருக்கா, என்று சாரதாமணி சொன்னாள். ஓமத்தண்ணி. எட்டு மாதமாகியும் அந்த வார்த்தை அவளை விட்டுப் போகவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் நினைவு நகராமல் நிற்கிறது. ரவிக்கையின் பின்பக்கச் சுருக்கத்தை நீவி விடும்போது அவள் கட்டைவிரல் அக்காவின் முதுகில் நடுவாக இறங்கியது. இறங்கியது நிச்சயம். அங்கே ஒரு கணம் நின்றதா? நின்றது என்றுதான் இப்போது தோன்றுகிறது. நின்றது, எலும்பு தட்டியது, விரலுக்குத் தெரிந்தது, அவள்தான் கையை எடுத்துக்கொண்டு காபி போடட்டுமாக்கா என்று எழுந்து போனாள். இல்லை, நிற்கவே இல்லை, சும்மா துணியை நீவிவிட்டாள், அவ்வளவுதான், நின்ற மாதிரி இப்போது அவளே சேர்த்துக்கொள்கிறாள். எது நிஜம்? முதல் மாதம் நினைத்தபோது விரல் நிற்கவில்லை. மூன்றாம் மாதம் லேசாகத் தயங்கியது. இப்போதெல்லாம் நினைக்கும்போது மணி ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகிறது, எண்ணிக்கூடச் சொல்லலாம். தெரியாமல் விட்டிருந்தால் முட்டாள். தெரிந்து விட்டிருந்தால் என்ன பெயர் அதற்கு. இருபத்தொன்று புள்ளி ஒன்று. முதுகு? எலி டப்பாவிலிருந்து வெளியே தாவப் பார்த்தது, அவள் முதுகைத் தொடவே மறந்துபோய் அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்திருந்தாள். திரும்ப எடுத்துத் தொட்டாள். மூன்று. ஐப்பசி கடைசியில்தான் அக்காவுக்கு மூச்சு முட்டி, ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் புற்று என்று விஷயம் வெளியே வந்தது. ஆவணியிலிருந்து பத்து வாரம். இது எப்பவும் லேட்டாத்தாம்மா தெரிய வரும், உள்ள இடம் நிறைய இருக்கு, சத்தம் போடாம வளரும், என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். பத்து வாரம் முன்னாலேயே வந்திருந்தால், என்று அவள் அப்போது கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பத்து வாரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? எலிக்கு முதல் ஊசியிலிருந்து கடைசி நாள்வரை மொத்தமே பத்து வாரம்தான்.

ஆபரேஷன் முடிந்து தந்த காகிதத்தை அவள்தான் முதலில் படித்தாள். மாமா, அக்காவின் வீட்டுக்காரர், மில்லில் ஷிப்டு பார்க்கிறவர், இங்கிலீசு எழுத்தைக் கண்டாலே இவள் கையில் கொடுத்துவிடுவார். குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் பரவியிருந்தது, உதரவிதானத்தின் அடியில் சிறு சிறு கட்டிகள். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புதிதில்லை. செத்த எலியைத் திறந்து வைத்துக்கொண்டு அதே வார்த்தைகளை அதே வரிசையில் ஆயிரம் தடவை எழுதியவள். முதலில் அந்தத் திரையில்தான் போய் உட்காரும், ஜவ்வரிசி ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக, அப்புறம் மேலே ஏறும். எலிக்கும் அதே வழி, அக்காவுக்கும் அதே வழி. அதற்கப்புறம் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. பாட்டிலில் எழுதியிருந்த பெயரை வாசித்துவிட்டு, ஏம் புள்ள, உன்ற எலிங்களுக்கும் இதேதானா ஏத்தறீங்க, என்று அக்கா கேட்டாள். இதேதாங்க்கா, கூட இன்னொண்ணும் சேத்துக் குடுக்கறோம். கேக்குதா அதுங்களுக்கு? அப்போதுதான் பதினான்காம் கூண்டின் மூன்றாம் நம்பரைப் பற்றிச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, காதில் வெட்டிய அடையாளத்தை வைத்து நம்பர்தான், அதெல்லாம் மனசு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான். அக்கா நம்பரையே பெயராக்கிவிட்டாள். மருந்து போட்ட ஐந்தில் நான்கு ஏதோ கொஞ்சம் தாக்குப்பிடித்தன. மூன்றாம் நம்பருக்கு மட்டும் மொத்தமாக அடங்கிப்போயிற்று. வெள்ளிக்கிழமை எடுக்கிற படத்தில் புற்றுச் செல் இருக்கும் இடமெல்லாம் வெளிச்சமாகத் தெரியும்படி பண்ணியிருப்பார்கள், மூன்றாம் நம்பருக்கு ஏழு வாரமாக வெளிச்சமே இல்லை, படம் கருப்பாகவே வந்தது. தினமும் பதினொன்றே காலுக்கு, டீ நேரத்தில், அக்கா போனில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பாள். மூணாம் நம்பர் எப்படி இருக்குது? நல்லா இருக்குதுக்கா, கூண்டுல ஏறி எறங்குது. அதற்கப்புறம்தான் அக்கா குரல் சாதாரணமாகும், கருவேப்பிலை வாடிப்போனது, மாமா சட்டையில் எண்ணெய்க் கறை, எல்லாம் பேசுவாள். முடி கொட்டின தலையைத் தடவிக்கொண்டு, இப்ப நானும் உன்ற எலியும் ஒரே சாதி, என்பாள். ஏழு வாரமாகச் சாரதாமணி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பதினான்காம் கூண்டு. முதல் எலி இருபத்தொன்று புள்ளி மூன்று. மூன்றாம் நம்பர் வழக்கமாக மூடியைத் திறந்ததும் முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு அடியில் பரப்பியிருந்த மக்காச்சோளத் தூளில் மூலையாக உட்கார்ந்திருந்தது. தூக்கம் போல. தூக்கமாகத்தான் இருக்கும். டப்பாவில் இறக்கினாள். எண் ஆடி ஆடி நின்றது. இருபத்து மூன்று புள்ளி இரண்டு. போன வெள்ளிக்கிழமை என்ன? இருபத்தொன்றரை. நாலு நாளில் இவ்வளவா. நன்றாகத் தின்றிருக்கும், புது மூட்டைத் தீனி வந்திருக்கிறது, எல்லாக் கூண்டிலும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, இல்லை, எந்தக் கூண்டிலும் ஏறவில்லை, அவளே எழுதிய வரிசை கண்ணெதிரே கிடக்கிறது. கையில் எடுத்தாள். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி உள்ளங்கையில் கனத்தது. இந்தக் கனம் அவளுக்குத் தெரியும். விரலை வைக்காமல் இருந்தால் என்ன. விரல் தானே போயிற்று. தோள் பக்கம் சரி. நடுமுதுகு. அங்கே முதல் மணி, அடுத்தது, அதற்கடுத்தது, இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் கூராக. விரல் நின்றது. இந்த முறை சந்தேகமே இல்லை, நின்றது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. எலி அவள் விரலை ஒரு தடவை முகர்ந்தது. அடி பாவி, ஏழு வாரம் நல்லாத்தானே இருந்தே, என்று வாய்மூடிக்குள் சொன்னாள், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை.

சுவரில் இன்டர்காம் அடித்தது. டாக்டர் பிலோமினா, இந்த ஆராய்ச்சியின் தலைவி. எலியைக் கூண்டில் விட்டுவிட்டு முழங்கையால் பொத்தானை அழுத்தினாள்.

"சாரதாமணி, பதினாலு முடிச்சாச்சா? மூணு எவ்வளவு?"

"இருபத்து மூணு புள்ளி ரெண்டுங்க மேடம்."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.

"முதுகு எப்படி?"

மூன்று என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் வந்து தொட்டுப் பார்க்கப் போவதில்லை, அவள் விரல்தான் இங்கே கடைசி வார்த்தை. மூன்று என்றால் டாக்டருக்கும் சந்தோஷம், இன்னொரு படம் கிடைக்கும். பதினொன்றே காலுக்கு அக்கா கேட்டால் இருக்குதுக்கா என்று சொல்லலாம், பொய்யில்லை, இருக்கத்தானே செய்கிறது. மூன்று நாள். மூன்று நாளில் அதன் வயிறு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், மூச்சு வாங்க முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும், தண்ணீர்க் குழாய் வரைக்கும் நகர முடியாது. தெரியும். தெரிந்துகொண்டே கையை எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம், காபி போடப் போகலாம். ஒரு தடவை போனவளுக்கு மறு தடவை வழி தெரியாமலா இருக்கும். அவளுக்கு அழுகை வந்தது, எலிக்காகவா அக்காவுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, பிரித்துப் பார்க்கவும் அவள் விரும்பவில்லை.

"சாரதாமணி? கேக்குதா?"

"ரெண்டுங்க மேடம். முதுகு ரெண்டு. வயித்துல நீர் கட்டியிருக்குது."

"சரி." டாக்டரின் குரல் தாழ்ந்துவிட்டது. "நான் ரொம்ப எதிர்பார்த்தேன் இதை. மத்தியானம் வர்றேன், சேர்ந்தே பண்ணிடலாம். உங்க அக்கா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம்."

மிச்சம் இரண்டு எலி. எடை போட்டாள், தொட்டாள், எழுதினாள். வெளி அறைக்கு வந்து தொப்பியையும் உறைகளையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். பூட்டிய அலமாரிக்குள் போன் அடிப்பது கேட்டது. பதினொன்று இருபத்தைந்து. அடித்து ஓயட்டும், வேலையாக இருந்தேன் என்று சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். சாவி அதற்குள் அலமாரிக் கதவில் திரும்பிவிட்டது, போன் காதுக்கு வந்துவிட்டது.

"ஏம் புள்ள, இன்னிக்கு இத்தன நேரம்? ரெண்டு தடவை அடிச்சிட்டேன்."

"வேலைக்கா."

"மூணாம் நம்பர் எப்படி இருக்குது?"

சாரதாமணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "எடை ஏறியிருக்குதுக்கா," என்றாள்.

"ஏறியிருக்குதா!" அக்காவின் குரல் துள்ளியது. "நானுந்தான் கண்ணு! உங்கிட்டச் சொல்லோணும்னுதான் காத்திட்டிருந்தேன். நேத்து ஆஸ்பத்திரில எடை பாத்தாங்க, போன தடவைக்கு ஒண்ணே முக்கா கிலோ சாஸ்தி. டாக்டர் லீவு. நர்ஸம்மாதான், பரவால்லியே டீச்சர், உடம்பு தேறிட்டீங்களேன்னாங்க. மாமா இன்னிக்கு ஸ்வீட் வாங்கியாரேன்னு போயிருக்காரு. இத்தனைக்கும் ரெண்டு இட்லிக்கு மேல எறங்க மாட்டீங்குது, அதுலயே நெறஞ்சாப்பல ஆயிருது. ஆனாப் பாரு, ஏறுது!"

நல்லதுக்கா. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அதைப் போல லேசான வார்த்தை வேறில்லை. மாமா ஸ்வீட்டோடு வருவார், அக்கா ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொள்வாள், ஒரு சாயங்காலம் முழுக்க அந்த வீட்டில் சந்தோஷம் இருக்கும். அதைக் கெடுக்க இவள் யார். அலமாரிக் கதவின் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள், சில்லென்று இருந்தது.

"அக்கா."

"ம்?"

"மூணாம் நம்பர் இன்னிக்கு மத்தியானத்தோட சரிக்கா."

"ஏன்? எடை ஏறியிருக்குதுன்னியே."

"அது தண்ணிக்கா. வயித்துல தண்ணி சேந்திருக்குது. முதுகுல சதையே இல்லை, எலும்பு தட்டுது. இதுல எடை ஏறுனா நல்லதில்லக்கா."

அக்கா வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ சமையல் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அக்கா அதை அணைத்தாள். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எது உண்மை எது புளுகு என்று கண்டுபிடித்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"அப்ப என்ற முதுகையும் பாக்கோணுமா கண்ணு?"

"ஆமாக்கா." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "முன்னயே பாத்திருக்கோணும்க்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். எனக்குத்தான்க்கா தெரிஞ்சிருக்கோணும்."

"சரி, அழுவாத. இப்ப வந்து பாரு," என்றாள் அக்கா. "மாமா வர்றதுக்குள்ள வந்துரு."